புனல்வலைச் சிலந்தியும் அதன் நஞ்சும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

ஆண்டு விழா மேடையிலே சமயத்தைப் பற்றியோ தமிழைப் பற்றியோ பேசுவதே வழக்கம். இவர்கள் எட்டுக்காற் பூச்சியைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். காரைதீவு தந்த சுவாமி விபுலானந்தர் தமிழோடு விஞ்ஞானத்தையும் கற்றுக் கற்பித்தவர். அவர் நடந்த மண்ணிலே ஒரு சிறு உயிரைப் பற்றிப் பேசுவதற்கு நாம் கூச வேண்டியதில்லை.

மேலும், சிலந்தி எம் சமயத்துக்கு அந்நியமன்று. திருவானைக்காவிலே வெண்ணாவல் மரத்தின் கீழ் எழுந்தருளிய சிவலிங்கத்தின்மேற் சருகு விழாதபடி நூலாற் பந்தரிட்ட சிலந்தியை நாம் அறிவோம். அந்தப் பந்தரை அசுத்தமென்று எண்ணி அழித்தது யானை. சினந்த சிலந்தி துதிக்கையுட் புகுந்து கடித்தது. யானை வீழ்ந்தது, சிலந்தியும் மாண்டது. அச்சிலந்தியே மறுபிறப்பிற் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற மாட்டாத மாடக்கோயில்களை எடுப்பித்தான் என்பது பெரிய புராணம் கூறும் வரலாறு. சிலந்தி கடித்து யானை சாகுமோ என்று விஞ்ஞான மாணவன் கேட்பான். புராணம் அங்கே பேசுவது பக்தியின் உறுதியை; நஞ்சின் அளவையன்று. அக்கேள்வியை அவ்வளவில் விட்டுவிடுவோம்.

நம் அயலவரான முஸ்லிம் சகோதரர்களும் சிலந்தியை மதிப்பவர்கள். நபிகள் நாயகம் தௌர் குகையிலே தங்கியிருந்தபோது அதன் வாயிலிலே சிலந்தி வலை பின்னிப் பகைவரைத் திருப்பி அனுப்பிற்று என்ற செய்தி அவர்களிடையே வழங்குகின்றது. திருக்குர்ஆனின் 29 ஆம் அத்தியாயத்துக்குச் சிலந்தி என்பதே பெயர். எம்மைப்போல் மிஷன் பாடசாலையிற் படித்தவர்களுக்கு யோபுவின் ஆகமத்தில் வரும் சிலந்தி வீடும் நினைவுக்கு வரும். கல்முனைக்கு வடக்கே மருதமுனையில் இன்றும் கைத்தறி ஓசை கேட்கின்றது. நெசவாளர் ஊருக்கு அருகிலிருந்து கொண்டு, தறியும் நாடாவும் இல்லாமல் நெய்கின்ற இவ்வுயிரைப் பற்றி ஒன்றும் அறியாதிருப்பது நியாயமன்று.

இனி விஷயத்துக்கு வருவோம். பெரும்போகத்திலே, பனி விழுகின்ற மார்கழி, தை மாதத்துக் காலையில் வட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள். வரம்புப் புல்லின்மேல் வெள்ளைச் சல்லாத் துணியைத் துண்டு துண்டாய்க் கிழித்து உலரப் போட்டாற்போல நூற்றுக்கணக்கான வலைகள் தெரியும். வெயில் ஏறிப் பனி உலர்ந்ததும் அவை கண்ணுக்கு மறைந்துவிடும். குனிந்து பார்த்தால், விரித்த துணியின் ஓரிடம் குவிந்து, விளக்குக்கு மண்ணெண்ணெய் வார்க்கும் புனல்போல உள்ளே இறங்குவது தெரியும். புனலின் அடி ஒரு வெடிப்பிலோ புற்றூரிலோ போய் முடியும். அதன் வாயிலிலே, முன்னங்கால்களை நூலின்மேல் வைத்தபடி, சாம்பலும் கபிலமுமான ஒரு சிலந்தி காத்திருக்கும். இதுவே நம்மூர்ப் புனல்வலைச் சிலந்தி. விஞ்ஞானிகள் இதன் இனத்தை ஹிப்பாசா என்பர். ஓநாய்ச் சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தவை பெரும்பாலும் வலை கட்டாமல் ஓடித் திரிந்தே இரை பிடிப்பவை. இதுவோ வீடு கட்டிக் குடியிருக்கும் குணத்தை விடவில்லை.

இந்த வலையிலே பசை கிடையாது. இரை ஒட்டிக்கொள்ளாது, கால் தடுக்கித் தடுமாறும். தடுமாறிய கணத்தில் நூல் அதிரும். அதிர்வு காலில் எட்டியதும் சிலந்தி துணியின் மேற்பரப்பால் ஓடி வந்து கடித்து, இரையைப் புனலுள் இழுத்துச் செல்லும். பெரும் பூச்சியோ மனிதனின் காலோ பட்டால் எதிர்ப்புறமாக ஓடி ஒளிந்துவிடும். வயலிலே நாளெல்லாம் வெறுங்காலுடன் நடக்கும் உழவர் இதனால் மாண்டார் என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை.

அப்படியானால் நஞ்சு எங்கே என்பீர்கள். நஞ்சு இதனிடமும் உண்டு. சிறுபான்மைக் குடும்பங்கள் நீங்கலாகச் சிலந்திகள் யாவற்றுக்கும் நச்சுப்பை உண்டு. இதுவரை பெயரிடப்பட்ட சிலந்தி வகைகள் 50,000 இற்கு மேல். அவற்றுள் மனிதனுக்கு ஆபத்து விளைப்பவை கைவிரல் விட்டு எண்ணத்தக்க சில இனங்களே. நஞ்சு பூச்சிக்காகவே ஆக்கப்பட்டது. பூச்சியின் நரம்புக்கு ஏற்ற திறப்பு நம் நரம்பின் பூட்டுக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை.

குழப்பம் பெயரிலேதான் பிறக்கின்றது. புனல்போல வலை கட்டுகின்றவை ஒரே குலத்தவை அல்ல. நம் வரம்பிலே இருப்பது ஓநாய்ச் சிலந்தி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புற்றரைகளில் வாழ்வது அகெலெனா எனப்படும் வேறு குடும்பம். மூன்றாவது, அவுஸ்திரேலியாவின் கொடிய புனல்வலைச் சிலந்தி. முதலிரண்டுக்கும் இம்மூன்றாவதற்கும் உள்ள உறவு மிகத் தூரத்து உறவு. ஆனால் இன்று கைத்தொலைபேசியிலே ஒரு படமும், உலகிலேயே கொடிய சிலந்தி என்ற ஒரு வரியும் வந்துவிட்டாற் போதும். வளவிலுள்ள அத்தனை வலையும் ஈர்க்குமாற்றுக்கு இரையாகின்றன. அந்த மூன்றாவது இனம் இலங்கையில் இல்லை. அவுஸ்திரேலியாவின் கிழக்கு, தென்கிழக்குப் பகுதிகளிலும் அயலேயுள்ள சில தீவுகளிலுமே அது உண்டு.

அந்தச் சிலந்தியின் கதை அறியத்தக்கது. அத்ராக்ஸ் றொபஸ்டஸ் என்று 1877 இல் அதற்குப் பெயரிட்டவர் ஒக்டேவியஸ் பிக்காட் கேம்பிரிட்ஜ் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு. சிட்னி நகரைச் சுற்றியுள்ள ஈரமான தோட்டங்களிலும் கல்லிடுக்குகளிலும் அது வாழ்கின்றது. பெண் சிலந்தி தன் குழியை விட்டு அதிகம் அகலாது. ஆண் சிலந்தியோ பருவம் வந்ததும் பெண்ணைத் தேடி இரவிலே அலையும். அலைந்து வீட்டினுள்ளும், சப்பாத்தினுள்ளும், காயப்போட்ட துணியினுள்ளும் புகும். நஞ்சிலே கொடியதும் ஆணே. 1927 இற்கும் 1980 இற்கும் இடையில் 13 பேர் இச்சிலந்தியால் இறந்ததாகப் பதிவு. குழந்தைகள் சிலர் மிகச் சொற்ப நேரத்துக்குள் இறந்தனர்.

நஞ்சு எப்படிக் கொல்லுகின்றது? நம்மவர்க்கு விளங்கும்படி சொல்ல வேண்டுமானால் குளத்து வான்கதவைக் கொண்டு சொல்லலாம். நரம்பின் சுவரிலே சோடியம் என்னும் உப்புத் துணிக்கை செல்வதற்கு நுண்ணிய கதவுகள் உண்டு. செய்தி ஒன்று நரம்பு வழியே போகும்போது கதவு திறக்கும். ஆயிரத்திலொரு பங்கு செக்கனில் மூடிக்கொள்ளும். புனல்வலைச் சிலந்தியின் நஞ்சிலுள்ள ஒரு சிறு புரதம், 42 அமினோ அமிலங்களால் ஆனது, அக்கதவிலே பற்றிக்கொண்டு அதனை மூட விடாமற் செய்கின்றது. வான்கதவு இறுகிக்கொண்டாற் கீழ்வட்டைக்கு என்ன ஆகுமோ அதுவே உடம்புக்கும் ஆகின்றது. நரம்புகள் ஓயாது சமிக்ஞை அனுப்புகின்றன. தசை துடிக்கும், வாயில் நீரும் உடலில் வியர்வையும் பெருகும், இரத்த அழுத்தம் ஏறும், ஈற்றில் நுரையீரலிலே நீர் கோத்து மூச்சடைக்கும்.

வியப்பான செய்தி ஒன்று உண்டு. இந்நஞ்சு மனிதனையும் குரங்கையும் கொல்லும். நாயையும் பூனையையும் முயலையும் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. மனிதன் அவுஸ்திரேலியாவிலே கால் வைப்பதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே இச்சிலந்திகள் அங்கே இருந்தன. அலையும் ஆண் சிலந்தி தன்னைத் தின்ன வரும் முதுகெலும்புள்ள பிராணிகளிடமிருந்து தப்புவதற்காகவே இந்நஞ்சு உருவாகியிருக்க வேண்டும் என்பதும், மனிதனின் நரம்புக்கு அது பொருந்தியது தற்செயல் என்பதும் 2020 இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றின் முடிவு. நம்மைக் கொல்லவென்றே படைக்கப்பட்டது போலத் தோன்றும் ஒன்று, நம்மை அறியவே அறியாது!

முயலுக்கு ஒன்றும் ஆகாது என்பதே ஈற்றில் மனிதனைக் காத்தது. மெல்பேர்னிலே பொதுநலவாய ஊநீர் ஆய்வுகூடத்தில் ஸ்ட்ருவன் சதலண்ட் என்னும் வைத்தியர் பல ஆண்டுகள் முயன்று, சிலந்தி நஞ்சைச் சிறுகச் சிறுக முயல்களுக்கு ஏற்றி, அவற்றின் இரத்தத்திலிருந்து எதிர்மருந்தை எடுத்தார். 1980 இன் முடிவிலே அது ஆயத்தமாயிற்று. அதன்பின் இற்றைவரை அச்சிலந்தியால் இறந்தவர் ஒருவருமில்லை. சிட்னிக்கு வடக்கே ஊர்வன காட்சிச்சாலை ஒன்று உண்டு. பொதுமக்கள் ஆண் சிலந்தியைக் கண்டால் அடித்துக் கொல்லாமற் போத்தலில் ஏற்றி அங்கே கொண்டுபோய்க் கொடுக்கின்றனர். அந்நஞ்சிலிருந்தே மருந்து பிறக்கின்றது. 2025 தொடக்கத்திலே இன்னுமொன்று தெரிய வந்தது: ஒரே வகையென்று எண்ணியிருந்த சிட்னிச் சிலந்தி உண்மையில் மூன்று வகை. 1877 இல் வைத்த பெயரைச் சரிபார்க்க நூற்றைம்பது ஆண்டு சென்றது. ஆதலால் நம்மூரிலே ஒருவர் மற்றொன்றை மாறிப் பெயர் சொன்னால் அவரை ஏளனஞ் செய்ய வேண்டியதில்லை.

அகெலெனா குடும்பத்தின் நஞ்சு வேறொரு வகையிற் பயன்பட்டது. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்துச் சிலந்தியொன்றின் நஞ்சைக் கொண்டு, மூளையின் நரம்புக் கலங்களிலே அதுவரை அறியப்படாதிருந்த கல்சியக் கதவு ஒன்றை 1980 களின் இறுதியில் றொடோல்ஃபோ லினாஸ் என்பாரும் தோழரும் கண்டறிந்தனர். நஞ்சு எந்தப் பூட்டை அடைக்கின்றது என்று பார்த்துப் பூட்டையே கண்டுபிடித்தார்கள். இன்றும் நரம்பு ஆராய்ச்சி செய்வோர் அந்நஞ்சைக் கருவியாகவே வைத்திருக்கின்றனர். அவுஸ்திரேலியச் சிலந்திகளில் குயின்ஸ்லாந்து மாநிலத்துத் தீவொன்றில் வாழும் வகையின் நஞ்சிலே, பாரிசவாதத்தால் மூளை சிதைவதைத் தடுக்கும் புரதம் ஒன்று இருப்பதாக 2017 இல் அறிவித்தனர். எலிகளுக்கு, நோய் கண்டு எட்டு மணி நேரம் கழித்துக் கொடுத்தபோதும் அது பலன் தந்தது. மனிதருக்கான மருந்தாக அதனை ஆக்கும் முயற்சி தொடர்கின்றது. நீலமலைப் பகுதிச் சிலந்தியின் வேறொரு புரதமோ பூச்சியை மட்டுமே கொல்வது; அதை மதுவத்திலே உண்டாக்கிப் பயிர்களுக்குத் தெளிக்கும் மருந்தாக்கி, 2014 இல் ஐக்கிய அமெரிக்காவிலே அநுமதியும் பெற்றுவிட்டனர்.

இவ்வளவும் பிற நாட்டுக் கதை. நம் கரையோரத்துக்கு இதனால் என்ன என்று கேட்டால், அதற்கே இனி வருகின்றோம்.

தமிழிலே சிலந்தி என்பது பூச்சிக்கும் பெயர். ஒருவகைப் புண்ணுக்கும் பெயர். நூலாகக் கிளம்பும் புழுநோயை நரம்புச் சிலந்தி என்றனர் நம் முன்னோர். சொல் ஒன்றாயிருப்பதால், உடம்பிலே காரணந் தெரியாத கொப்புளமோ புண்ணோ கண்டால் இராத்திரி சிலந்தி கடித்திருக்கும், சிலந்தி எச்சம் பட்டிருக்கும் என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. இது நம்மவர்க்கு மாத்திரம் உரிய குற்றமன்று. ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கிலே, ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு புனல்வலைச் சிலந்திமேல், சதையை அழுகச் செய்கின்றதென்ற பழியை 1980 களிற் சுமத்தினர். அதன் தாய்நாடான ஐரோப்பாவிலே அப்படி ஒரு பழி இருந்ததில்லை. 2011 இல் வெளியான ஆய்விலே அதன் நஞ்சு இரத்தத்தையோ சதையையோ அழிப்பதாகத் தெரியவில்லை. வேறு நோய்களால் வந்த புண்களுக்குச் சிலந்தி பழி சுமந்திருக்கின்றது.

நம்மூரிலே அறுவடைக் காலத்து இரவுகளில் விளக்கைத் தேடி வரும் வண்டொன்று உண்டு. செம்மையும் கருமையுமாய், எறும்பை ஒத்து, மெலிந்து நீண்டது. பீடெரஸ் என்பர். கழுத்தில் ஊர்ந்ததை அறியாமல் நசுக்கினால் அதன் உடல் நீர் தோலைச் சுடும். மறுநாட் காலையிலே தீக்கோடு இழுத்தாற்போலக் கொப்புளம் கிளம்பும். கடித்தது சிலந்தி என்பார்கள். சிலந்தி பாவம், அந்தப் பக்கமே வந்திராது. வண்டை நசுக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, பட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவினாற் போதும். நீரிழிவுக்காரரின் காற்புண்ணைச் சிலந்திக்கடி என்று சொல்லி மருந்தரைத்துக் கட்டிக்கொண்டிருப்பதோ காலையே இழக்கச் செய்யும்.

இதைவிடப் பெரியதொன்று இருக்கின்றது. அதற்காகவே இப்பேச்சை ஒத்துக்கொண்டோம். வயல் வாடியிலும், வீட்டுத் திண்ணையிலும், வெறுந்தரையிற் பாய் விரித்து உறங்குபவரைக் கட்டுவிரியன் தீண்டுவதுண்டு. எட்டடி விரியன் என்றும் சொல்வர். கருமேனியிலே மெல்லிய வெண்கோடுகள். அது இரவிலே திரியும். அதன் பல் சிறியது. கடித்த இடம் வீங்காது. நோவும் அதிகம் இராது. சில வேளைகளிலே பற்றடமும் தெரியாது. கடிபட்டவர் பாதித் தூக்கத்தில் உதறிவிட்டு, பூச்சியோ சிலந்தியோ என்று எண்ணித் திரும்பிப் படுத்துக்கொள்வார். சில மணி நேரத்தில் வயிறு வலிக்கும், வாந்தி வரும். பின் கண்ணிமை தானாகத் தொங்கும், இரண்டிரண்டாகத் தெரியும், பேச்சுக் குழறும், எச்சிலை விழுங்க முடியாது, அதன்பின் மூச்சுத் தசைகள் சோரும். சிட்னிச் சிலந்தி நரம்பை ஓயாது ஓட்டுகின்றது. கட்டுவிரியனோ நரம்புக்கும் தசைக்கும் இடையிலுள்ள தொடர்பை அறுக்கின்றது.

ஆதலால், இரவிலே தரையிற் படுத்தவர் எழுந்து, ஏதோ கடித்தது, வயிறு வலிக்கின்றது என்றால், கடித்ததைத் தேடி விடியும் வரை விளக்குப் பிடித்துத் திரியாதீர்கள். கண்ணைப் பாருங்கள். இமை தொங்குகின்றதோ இல்லையோ, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். கல்முனையிலே வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் அருகருகே இருக்கின்றன. காயத்தைக் கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டாம், நடத்திக் கொண்டு செல்லவும் வேண்டாம். விஷகடிப் பரிசாரியாரை இழித்துரைக்க இங்கே வந்தோமல்லோம். நம் பாட்டன்மார் பலர் அவர்கள் கையாற் பிழைத்தவர்களே. ஆயினும் மூச்சு நிற்கப் போகின்றவருக்கு மூச்சைக் கொடுக்கும் இயந்திரம் வைத்தியசாலையில்தான் இருக்கின்றது. அவ்வியந்திரத்தில் நாட்கணக்காகக் கிடந்து முற்றாக எழுந்து வந்தவர்கள் இந்நாட்டிலே பலர். கட்டிலிற் படுப்பதும், நுளம்பு வலையைப் பாயின் கீழ்ச் செருகிக் கொள்வதும் இன்னும் மலிவான மருந்து.

நம் நாட்டிலே கடித்தால் உண்மையில் வருத்தும் சிலந்தி ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. வரண்ட வலயத்து மரப் பொந்துகளிலும், தென்னையிலும், சில வேளை வீட்டுக் கூரையிலும் வாழும் பெரிய மயிர்ச் சிலந்தி அது. சிங்கள மக்கள் திவிமக்குளுவா என்பர். சிறுத்தைச் சிலந்தி என்று பொருள். கடித்தாற் கடுநோவும், நாட்கணக்கில் விட்டு விட்டு வரும் தசைப்பிடிப்பும் உண்டாகும். கொல்வதில்லை. அதுவும் தானாக வந்து கடிப்பதன்று. கையை விட்டவரையே கடிக்கும்.

போடியார்மாரும் இங்கே வீற்றிருப்பதால் வயலைப் பற்றி ஒரு சொல். பயிர் வட்டம் வட்டமாகக் கருகிக் காயும்போது அறக்கொட்டியான் விழுந்துவிட்டது என்று கிருமிநாசினியைத் தூக்குகின்றோம். கபில நிறத் தத்தி என்று விவசாயத் திணைக்களத்தார் கூறுவது அதையே. அத்தத்தியை விரும்பித் தின்பவை வயலிலுள்ள ஓநாய்ச் சிலந்திகள், நம் வரம்புச் சிலந்தியின் ஒன்றுவிட்ட சகோதரங்கள். பயிர் இளமையாயிருக்கும்போதே மருந்தடித்தால் முதலில் மாள்வது சிலந்தி. தத்தியின் முட்டையோ நெற்றண்டினுள்ளே பத்திரமாயிருந்து, காவலாளி இல்லாத வயலிலே பொரிக்கும். இந்தோனேசியாவிலே இப்படித்தான் தத்தி பெருகி நெல்லைத் தின்றது. 1986 இல் அந்நாட்டரசு நெல்லுக்கு அடிக்கும் 57 வகை மருந்துகளை ஒரே ஆணையிலே தடுத்தது. அதன்பின் மருந்துச் செலவு குறைந்தது. நெல் விளைவு குறையவில்லை. விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு, தத்தியை எண்ணிப் பார்த்த பின்பு மருந்தைத் தொடலாம். எண்ணும்போது சிலந்தியையும் எண்ணுங்கள்.

தம்பிமாரே, அடுத்த பனிக்காலையிலே வரம்பு வழியே போனால் ஒரு புல்லை எடுத்து வலையின் விளிம்பை மெல்லத் தொட்டுப் பாருங்கள். இரையென்று எண்ணி ஓடி வரும். சில பெண் சிலந்திகள் வெண்ணிற முட்டைப் பையைப் பின்புறத்திலே ஒட்டிக்கொண்டு திரியும். குஞ்சுகள் வெளிவந்தபின் அத்தனையையும் முதுகிலே சுமக்கும். உங்கள் நிழல் விழுந்தாற் குஞ்சுகளோடு புனலுள் இறங்கிவிடும். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் மறுபடியும் வாயிலுக்கு வரும்.